இன்னும் வேலை முடியாத நிலம்

பின்லாந்தில் எத்தனை ஏரிகள் என்று கேட்டால் கணக்கு வைத்திருக்கிறார்கள்: 1,87,888. கேட்டதும் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் எதை ஏரி என்று எண்ணினார்கள் என்று பார்க்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள எல்லாமே அந்தக் கணக்கில் ஏரிதான். நம் கணக்கில் இரண்டேகால் கிரவுண்டு. அந்த அளவில் தண்ணீர் தேங்கி நின்றால் நாம் குட்டை என்போம். ஒரு ஹெக்டேருக்குக் குறைந்ததை ஏரி என்று ஒப்பமாட்டேன் என்று கறார் பண்ணினால் எண்ணிக்கை ஐம்பத்தாறாயிரம் சொச்சத்தில் வந்து நிற்கும். அப்போதும் அது அசாத்தியமான தொகைதான். சுற்றுலா விளம்பரங்களில் ‘ஆயிரம் ஏரிகளின் நாடு’ என்று போடுகிறார்களே, விளம்பரத்தில் உண்மையைக் குறைத்துச் சொன்ன ஒரே நாடு அதுவாகத்தான் இருக்கும்.

இவ்வளவு ஏரிகள் எப்படி வந்தன என்பது டீ ஆறுவதற்குள் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. ஆனாலும் ஒரு சின்னக் கேள்வியிலிருந்து தொடங்கலாம். நாட்டின் நடுவிலும் கிழக்கிலும் ஏரிகள் நெருங்கிக் கிடக்கிற ஏரிப் பிரதேசத்தில் ஆண்டுக்கு எவ்வளவு மழை பெய்யும்? பனியாக விழுவதையும் சேர்த்து அறுநூறு, அறுநூற்றைம்பது மில்லிமீட்டர். சென்னையில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே பெய்கிறது. அப்படியானால் பாதி மழையை வைத்துக்கொண்டு இவ்வளவு தண்ணீர் அங்கே எப்படி நிற்கிறது?

ஒரு பாதி பதில் எளிது. அங்கே குளிர். வெயில் உறிஞ்சுவது குறைவு. ஆண்டில் நாலைந்து மாதம் ஏரிகளின் மேல் பனிக்கட்டி மூடி போட்டுவிடுகிறது. அப்போது ஆவியாவது அநேகமாக நின்றுபோகிறது. ஆனால் குளிர் மட்டும் ஏரியை உண்டாக்காது. மறு பாதி பதில்தான் சுவாரசியம். அங்கே விழுந்த தண்ணீருக்குக் கடலுக்குப் போகும் வழி இன்னும் சரியாக அமையவில்லை. நிலம் அவ்வளவு புதுசு.

புதுசு என்றால் பாறை புதுசு இல்லை. பாறை மகா பழசு. பெரும்பகுதிக்கு வயது 190 கோடி ஆண்டுக்குப் பக்கம். ஒரு காலத்தில் பெரிய மலைத்தொடராக நின்று, தேய்ந்து தேய்ந்து, இப்போது அடிக்கட்டை மட்டும் மிஞ்சியிருக்கிற கருங்கல் நிலம். புதுசு என்று நான் சொல்வது அதன் மேல்முகத்தை. கடைசிப் பனியுகத்தில் அந்த நாடு முழுக்கப் பனிப்பாளத்தின் அடியில் கிடந்தது. பாளத்தின் கனம் உச்சத்தில் மூன்று கிலோமீட்டர் வரை இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அது சும்மா கிடக்கவும் இல்லை. தன் எடையாலேயே நகர்ந்துகொண்டிருந்தது. அடியில் உறைந்து ஒட்டிய கல்லையும் மணலையும் இழுத்துக்கொண்டு, வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் பாறையைச் சுரண்டிக்கொண்டே போனது. பாறையில் எங்கே பழைய வெடிப்பு இருந்ததோ, எங்கே கல் நொறுங்கிப் போயிருந்ததோ, அங்கே ஆழமாகத் தோண்டியது. திடமான இடத்தில் வழுவழுப்பாக இழைத்துவிட்டுப் போயிற்று.

வரைபடத்தில் நடு பின்லாந்தையும் கிழக்கு பின்லாந்தையும் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். ஏரிகள், தீவுகள், முனைகள், குடாக்கள் எல்லாமே ஒரே பக்கமாகச் சாய்த்துக் கோடு கிழித்த மாதிரி வடமேற்கு-தென்கிழக்காக நீண்டு கிடக்கும். பனி நடந்த திசை அது. இன்றைக்கும் ஏரிக்கரைப் பாறையில் கையை வைத்துத் தடவினால் அந்தக் கீறல்கள் தட்டுப்படும்.

பனி உருகத் தொடங்கிய பிறகு நடந்த வேலை இன்னும் நுட்பமானது. பாளத்துக்கு அடியில், பனியையே கூரையாகவும் சுவராகவும் கொண்டு சுரங்க ஆறுகள் ஓடின. மேலே இருந்த அழுத்தத்தில் அவை அசுர வேகத்தில் மணலையும் கூழாங்கல்லையும் அடித்துக்கொண்டு வந்து தம் படுகையில் நிரப்பின. பனி மறைந்ததும் சுவர் போயிற்று, கூரை போயிற்று, ஆறும் போயிற்று. படுகையில் நிரம்பிய மணல் மட்டும் நீண்ட கரையாக நிலத்தின் மேல் நின்றுவிட்டது. பின்லாந்துக்காரர்கள் இதை ‘ஹார்யு’ என்கிறார்கள். சவொன்லின்னா ஊருக்குப் பக்கத்தில் புங்காஹார்யு என்று ஒன்று இருக்கிறது. ஏழு கிலோமீட்டர் நீளம். சில இடங்களில் ஒரு பாதைக்கும் இருபக்கமும் சில பைன் மரங்களுக்கும் மட்டுமே இடம் கொடுக்கிற அகலம். இரண்டு பக்கமும் சரிவு இறங்கி நேராக ஏரித் தண்ணீரில் முடியும். ஏரிக்கு நடுவே யாரோ வேலையாள் வைத்துக் கரை போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். 1803-ல் ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் அலெக்சாண்டர் இந்த வழியாகப் போனபோது இதன் அழகில் சொக்கி, மரங்களை வெட்டக் கூடாது என்று சொன்னதாக வழங்குகிறது. பழைய காலத்துச் சாலைகள் இப்படிப்பட்ட மணல்மேடுகளின் முதுகிலேதான் போயின. நாலாபக்கமும் சதுப்பும் தண்ணீருமாக இருக்கிற நாட்டில் கால் புதையாமல் நடக்க வேறு இடம் ஏது?

ஹார்யுக்கள் பெரும்பாலும் பனி நகர்ந்த திசையிலேயே கிடக்கின்றன. அவற்றுக்குக் குறுக்கே, தெற்கில், இன்னொரு மேடு ஓடுகிறது. அதுதான் இந்தக் கதையின் வில்லன் என்று சொல்லலாம், நாயகன் என்றும் சொல்லலாம். பெயர் சல்பாவுஸ்செல்கா. பனிப்பாளம் வடக்கே பின்வாங்கிக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ 12,500 ஆண்டுகளுக்கு முன், திடீரென்று மறுபடியும் குளிர் திரும்பியது. சுமார் ஆயிரம் ஆண்டுக்குக் கொஞ்சம் மேலே நீடித்தது. அந்தக் காலம் முழுக்கப் பனியின் விளிம்பு கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றது. விளிம்பு நின்றாலும் பின்னாலிருந்து பனி வந்துகொண்டும் உருகிக்கொண்டும்தான் இருந்தது. அது சுமந்து வந்த மணலும் சரளையும் விளிம்பிலேயே கொட்டிக்கொண்டிருந்தன. ஆயிரம் ஆண்டு கொட்டினால் என்ன ஆகும்? தென்மேற்கில் ஹான்கோ முனையிலிருந்து கிழக்கே யொயென்சூ பக்கம் வரை, ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல், பெரிய வில்லாக வளைந்த மணற்சுவர்கள் எழுந்தன. ஒன்றல்ல, மூன்று வரிசை. லாஹ்தி நகரத்தில் பனிச்சறுக்குத் தாண்டும் கோபுரங்களைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தால், அவை நிற்பது இந்தச் சுவரின் மேல்தான்.

சுவர் என்று வந்துவிட்டால் அதற்கு வடக்கே விழுந்த தண்ணீர் தெற்கே கடலுக்கு இறங்க முடியாது. அணைக்கட்டு மாதிரியே தேங்கும். ஏரிப் பிரதேசத்தின் தெற்கு எல்லையாக இந்தச் சுவரைச் சொல்வது இதனால்தான். சுவருக்கு வடக்கே ஏரிகளின் நெரிசல். தெற்கே கடற்கரைப் பக்கம் களிமண் வயல்கள், ஏரி கொஞ்சம்தான்.

சுவருக்கு வடக்கே தேங்கியதில் பெரியது சைமா. ஒரே ஏரி என்று பெயர். உண்மையில் பல ஏரிகள், கால்வாய் போன்ற ஒடுக்கங்களால் கோத்துக்கொண்டு ஒரே மட்டத்தில் நிற்கின்றன. பரப்பு சுமார் 4,400 சதுர கிலோமீட்டர்; ஐரோப்பாவில் நாலாவது பெரிய ஏரி. தீவுகள் மட்டும் பதின்மூவாயிரத்துக்கு மேல். படகில் போனால் எது தீவு, எது எதிர்க்கரை என்று உள்ளூர்க்காரருக்கே குழம்பும். கடல்மட்டத்துக்கு மேலே 76 மீட்டர் உயரத்தில் நிற்கிறது இந்தத் தண்ணீர். இவ்வளவு தண்ணீர் இன்றைக்கு எந்த வழியாக வெளியே போகிறது? தென்கிழக்கு மூலையில் இமாத்ரா என்ற ஊர்; அங்கே சல்பாவுஸ்செல்காவில் ஓர் உடைப்பு. அந்த உடைப்பின் வழியாக வூக்ஸி ஆறாக இறங்கி, ரஷ்யாவுக்குள் போய் லடோகா ஏரியில் சேர்கிறது. அங்கிருந்து நேவா ஆறாகச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வழியே கடல்.

ஆனால் தொடக்கத்தில் வழி அது இல்லை. பனி போன புதிதில் சைமாவின் தண்ணீர் நேர் எதிர்த்திசையில், வடமேற்குப் பக்கமாக வழிந்து, இன்று போத்னியா வளைகுடா என்கிறோமே, அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஓர் ஏரி தன் வாயை ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு எப்படி மாற்றிக்கொள்ளும்?

ஒரு டீ சாஸரை நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் டீ சிந்தியிருக்கும். ஒரு விளிம்பை மெல்லத் தூக்கினால் டீ எதிர் விளிம்புக்கு ஓடும். இன்னும் தூக்கினால் அங்கே வழியும். பின்லாந்துக்கு நடந்ததும் நடப்பதும் இதுவே. மூன்று கிலோமீட்டர் பனியின் பாரத்தில் பூமியின் மேலோடு கீழே அமுங்கியிருந்தது. பாரம் நீங்கியதும் மேலே எழத் தொடங்கியது. பாரம் எங்கே அதிகமோ அங்கே அதிகமாக அமுங்கியிருந்தது, அங்கேதான் அதிகமாக எழுகிறது. அது வடமேற்குப் பக்கம், வாசா ஊருக்கு அருகே. இன்றைக்கும் ஆண்டுக்கு ஒன்பது மில்லிமீட்டர் போல எழுகிறது. தென்கிழக்கில் சைமாவின் தெற்குக் கரையில் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆகவே நாடு முழுக்க வடமேற்கு விளிம்பு தூக்கப்பட்டு, தென்கிழக்குப் பக்கம் சாய்ந்துகொண்டே வருகிறது.

பழைய வாய் மேலே போகப் போகத் தண்ணீர் தெற்கே தள்ளப்பட்டது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள், ஒரு தலைமுறைக்குச் சில அங்குலமாக, தெற்குக் கரையில் மட்டம் ஏறிக்கொண்டே வந்தது. கரையோரக் காடு மூழ்கியது. கடைசியில் மணற்சுவரின் தாழ்ந்த இடத்தைத் தண்ணீர் எட்டியது. மணல்தானே? ஒருமுறை வழியத் தொடங்கினால் அறுத்துக்கொண்டு போய்விடும். சுமார் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் இமாத்ரா பக்கம் சுவர் உடைந்தது. வூக்ஸி பிறந்தது. ஏரியின் மட்டம் சில மீட்டர் தாழ்ந்தது. பக்கத்துப் பைய்யான்னே ஏரிக்கும் இதே கதைதான். அது இன்னும் ஓராயிரம் ஆண்டு முன்னதாக, ஹெய்னோலா என்ற இடத்தில் சுவரை உடைத்துக்கொண்டு தெற்கே கிமி ஆறாக இறங்கியது.

இதை மனிதர்கள் பார்த்தார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. மிக்கெலி ஊருக்குத் தெற்கே அஸ்துவன்சல்மி என்றொரு செங்குத்துப் பாறை சைமாவுக்கு நேராக நிற்கிறது. அதில் செங்காவியால் கடமான், படகு, மனித உருவம், கை அச்சு என்று ஏராளமாகத் தீட்டியிருக்கிறார்கள். நார்டிக் நாடுகளிலேயே பெரிய பாறை ஓவியத் தொகுதி என்பார்கள். படகில் நின்றோ குளிர்காலத்தில் பனிக்கட்டிமேல் நின்றோ தீட்டியவை. இன்றைக்கு அங்கே படகில் போனால் ஓவியங்கள் தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் இருக்கும். தீட்டியவர்களுக்கு ஏணி இருந்ததா என்று யோசிக்க வேண்டாம். அவர்கள் காலத்தில் தண்ணீர் அங்கே நின்றது. வூக்ஸி உடைந்த பிறகு மட்டம் இறங்க இறங்க ஓவியமும் கீழே கீழே வந்தது. ஆகவே மேலே இருப்பது பழசு, கீழே இருப்பது புதுசு. ஏரியின் மட்டத்துக்கு நாள்குறிப்பு எழுதி வைத்த மாதிரி ஆகிவிட்டது, எழுதியவர்களுக்கே தெரியாமல்.

இனி ஆறுகள். நமக்கு ஆறு என்றால் ஓரிடத்தில் பிறந்து, பள்ளத்தாக்கு அறுத்து, சமவெளியில் நடந்து, கடலில் முடிகிற ஒரு நீண்ட உரு. ஏரிப் பிரதேசத்தில் அப்படிப்பட்ட ஆறு அபூர்வம். அங்கே ஆறு என்பது பல இடங்களில் ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு விழுகிற சின்ன இறக்கம்தான். தம்பெரே நகரத்தைப் பாருங்கள். வடக்கே நாசியார்வி ஏரி, தெற்கே பீஹாயார்வி ஏரி. இரண்டுக்கும் மட்டத்தில் 18 மீட்டர் வித்தியாசம். நடுவில் ஒரு ஹார்யு தடுப்பாக நிற்கிறது, அதை அறுத்துக்கொண்டு ஓடுகிற இரண்டு கிலோமீட்டருக்கும் குறைந்த தம்மெர்கொஸ்கி ஓட்டம் நகரத்தின் நடுவே போகிறது. 1820-ல் ஜேம்ஸ் பின்லேசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதன் கரையில் தொடங்கிய ஆலை பெரிய பஞ்சாலையாக வளர்ந்தது. 1882-ல் அந்த ஆலையில் மின்விளக்கே எரிந்துவிட்டது. அந்தப் பதினெட்டு மீட்டர் இறக்கம் இல்லாவிட்டால் தம்பெரே என்ற தொழில் நகரம் இல்லை.

தெற்கில் வெசியாகோ என்று ஓர் ஏரி உண்டு. அதன் தண்ணீர் இரண்டு பக்கமும் போகிறது. ஒரு பக்கம் பைய்யான்னே வழியாகப் பின்லாந்து வளைகுடாவுக்கு. மறு பக்கம் கொகெமாகி ஆற்று வழியாகப் போத்னியா வளைகுடாவுக்கு. ஒரே ஏரி, இரண்டு கடல்முகம். பாடப்புத்தகத்தில் நீர்பிரிமேடு என்று படித்தோமே, இரண்டு ஆற்றுப் படுகைகளைப் பிரிக்கிற மேடு, அந்த மேட்டின் மேல் இங்கே ஓர் ஏரி உட்கார்ந்திருக்கிறது. வயதான நிலமாக இருந்தால் இரண்டில் ஓர் ஆறு எப்போதோ ஆழமாக அறுத்து முழுத் தண்ணீரையும் தன் பக்கம் இழுத்திருக்கும். இங்கே ஆறுகளுக்குப் பத்தாயிரம் ஆண்டுதான் கிடைத்திருக்கிறது. கருங்கல்லை அறுக்க அது போதாது.

ஏரிகளும் ஆழமில்லை. சராசரி ஏழு மீட்டர். நாட்டிலேயே ஆழமான இடம் பைய்யான்னேயில், 95 மீட்டர். பாறையின் மேல் ஈரம் பரவி நிற்கிறது என்றுகூடச் சொல்லிவிடலாம். இந்த ஆழமின்மையால்தான் மனிதன் கைவைத்தால் சட்டென்று விபரீதமாகிறது. யொயென்சூ ஊருக்கு வடக்கே ஹொய்தியாய்னென் ஏரியில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளைநிலத்துக்கு அங்கே ஏகப் பஞ்சம். ஏரியின் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கினால் கரையில் புல்வெளியும் வயலும் கிடைக்கும் என்று நாடு முழுக்கப் பல ஏரிகளை வடித்தார்கள். ஹொய்தியாய்னெனும் கீழேயிருக்கும் பீஹாசெல்கா ஏரியும் பக்கம் பக்கம்; நடுவில் மணல்மேடு. ஒரு வாய்க்கால் வெட்டி, அணை வைத்து, அளவாகத் திறந்துவிடலாம் என்பது திட்டம். 1859-ல் அணை தாங்கவில்லை. வாய்க்காலைத் தண்ணீரே அகலப்படுத்திக்கொண்டு பாய்ந்தது. ஏரியின் மட்டம் ஒன்பதரை மீட்டர் இறங்கியது. ஏறத்தாழ 170 சதுர கிலோமீட்டர் ஏரிப்படுகை வெளியே வந்தது. அடித்துச் சென்ற மணலெல்லாம் கீழ் ஏரியின் வாயில் புதுக் கழிமுகத் திட்டாகப் படிந்தது. வூக்ஸி உடைந்தபோது நடந்ததை மனிதர்கள் ஒரு மண்வெட்டிக் கூட்டத்தைக்கொண்டு தாங்களே நடத்திக் காட்டினார்கள். மணற்சுவரை நம்பித் தண்ணீரைத் திறக்கக் கூடாது என்ற பாடம் நல்ல விலைக்குக் கிடைத்தது. ஆனால் கேட்ட நிலமும் கிடைத்தது என்பதை மறைக்கக் கூடாது. அந்தப் படுகையில் குடியேறி உழுதார்கள்.

காட்டைப் பற்றிச் சொல்லாமல் ஏரியைச் சொல்ல முடியாது. நாட்டின் நிலப்பரப்பில் முக்கால் பங்கு காடு. மர வகை என்று பார்த்தால் ரொம்பக் கொஞ்சம்: பைன், ஸ்ப்ரூஸ், பிர்ச், இந்த மூன்றுதான் பெரும்பாலும். ஆனால் எந்த மரம் எங்கே நிற்கிறது என்பதிலிருந்தே அடிமண் தெரிந்துவிடும். தண்ணீர் நிற்காத மணல்மேட்டில் பைன். அதன் அடியில் வெளிறிய லிச்சன் பாசி. பனி அரைத்துக் கொட்டிய கலப்பு மண்ணில் ஸ்ப்ரூஸ், அடியில் பில்பெரிச் செடி. வெட்டிய இடத்திலும் எரிந்த இடத்திலும் முதலில் முளைப்பது பிர்ச். சவொ வட்டாரத்தில் நூற்றாண்டுக் கணக்கில் காட்டை எரித்துச் சாம்பலில் ரை தானியம் விதைத்து, மண் களைத்ததும் அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்கள். இன்று அங்கே தெரிகிற பிர்ச் தோப்புகளில் பல அந்தப் பழக்கத்தின் மிச்சம்.

முதலில் நாட்டில் மூன்றில் ஒரு பங்கு சதுப்பாக இருந்தது. கிடைக்கோட்டில் கிடக்கிற பாறை, வழி தெரியாத தண்ணீர், அழுகவிடாத குளிர். பாசி மேல் பாசி படிந்து கரிச்சதுப்பாகிவிடும். அதில் பாதியை, பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சில பத்தாண்டுகளில், மரம் வளர்க்கவென்று வாய்க்கால் வெட்டி வடித்தார்கள். மரம் வளர்ந்தது உண்மை. சதுப்பின் கறுப்புச் சாறும் வாய்க்கால் வழியே ஏரிகளுக்கு வந்து சேர்ந்தது உண்மை. அங்கே பல ஏரிகளின் தண்ணீர் நம் கட்டஞ்சாயா நிறத்தில் இருப்பதற்கு இயற்கையாகவே சதுப்புச்சாறு ஒரு காரணம். இந்த வாய்க்கால்கள் அதை இன்னும் அடர்த்தியாக்கின. என் கணக்கில் ஹொய்தியாய்னெனைவிடப் பெரிய தவறு இதுதான். அங்கே சத்தத்தோடு உடைந்தது. இங்கே சத்தமில்லாமல் கலங்கியது.

சாலை இல்லாத காலத்தில் மரம் தண்ணீரில்தான் போயிற்று. வெட்டி, உறைந்த ஏரிமேல் அடுக்கி, வசந்தத்தில் உருகியதும் மிதக்கவிட்டு, இழுவைப் படகால் ஆலைக்குக் கொண்டுபோனார்கள். காகித ஆலைகள் எல்லாம் ஏரியின் வாயிலேயே கூடியிருப்பது இதனால்தான். மரம் வரவும் சக்தி கிடைக்கவும் ஒரே இடம். சைமாவிலிருந்து கடலுக்கு வழி வேண்டுமென்று 1856-ல் ஒரு கால்வாயும் திறந்தார்கள். 76 மீட்டர் உயரத்தை 28 மதகுப்படிகளில் இறங்கியது அது; பிறகு திருத்திக் கட்டியபோது எட்டுப் படியாயிற்று. 1944 போர்முடிவில் பாதிக் கால்வாய் சோவியத் பக்கம் போய்விட, பின்லாந்து அதை 1960-களில் குத்தகைக்கு எடுத்து 1968-ல் மறுபடி திறந்தது. தன் ஏரியிலிருந்து கடலுக்குப் போக அயல்நாட்டுக்குக் குத்தகை கட்டுகிற நிலைமை அபூர்வம்தான்.

சைமாவில் ஒரு கடல்நாய் வாழ்கிறது. நன்னீரில், கடலே பார்க்காமல். பனி உருகியபோது கடலோடு சேர்ந்திருந்த தண்ணீரில் உள்ளே வந்தது. நிலம் எழுந்து ஏரி பிரிந்தபோது மாட்டிக்கொண்டது. ஒன்பதாயிரம் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இப்போது சுமார் ஐந்நூறுதான் இருக்கின்றன. பிப்ரவரி கடைசியில் குட்டி போடும். குளிர்காலத்தில் காற்று பனித்தூளைத் தீவுக்கரைகளில் குவிக்கும். தாய் அடியிலிருந்து பனிக்கட்டியில் துளைபோட்டு, அந்தக் குவியலுக்குள் குகை செய்து, அங்கே ஈனும். குட்டி நாலைந்து கிலோதான் இருக்கும். மேலே கூரை இல்லாவிட்டால் குளிரும் நரியும் கொண்டுபோய்விடும். சமீப ஆண்டுகளில் சில குளிர்காலங்களில் குவிகிற அளவுக்குப் பனியே விழுவதில்லை. அப்போது ஊர்க்காரர்களும் தொண்டர்களும் ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து, மண்வெட்டி மாதிரி பெரிய பனிவாரிகளை எடுத்துக்கொண்டு, உறைந்த ஏரிமேல் நடந்துபோய், தீவுக்கரைகளில் பனியைத் தள்ளிக் குவிக்கிறார்கள். 2014-ல் இதைப் பெரிய அளவில் தொடங்கினார்கள். கடல்நாய் அந்தக் குவியலை ஏற்றுக்கொள்கிறது. வசந்தத்தில் குட்டிகள் வலையில் சிக்காமலிருக்க, அவை வாழும் பகுதிகளில் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முடிய வலை போடவும் தடை.

தலைநகரத்துக்காரர்களும் இந்தப் பிரதேசத்தைத்தான் குடிக்கிறார்கள். பைய்யான்னேயின் தெற்குக் கோடியிலிருந்து ஹெல்சிங்கி பக்கம் வரை பாறைக்குள் 120 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, பத்தாண்டு வேலைக்குப் பின் 1982-ல் முடித்தார்கள். பத்து லட்சம் பேருக்குமேல் அதிலிருந்துதான் தண்ணீர். ஏரி உயரத்தில் இருப்பதால் தானாகவே இறங்கி வருகிறது.

நிலம் எழுகிறது என்றேன். இதை ஏரிகளில் கண்ணால் பார்க்க முடியாது. மேற்குக் கடற்கரையில், வாசா பக்கம், ஓர் ஆயுளுக்குள் பார்த்துவிடலாம். ஸ்வீடன் பக்கக் கரையில் இதையே பார்த்து, 1731-ல் ஒரு பாறையில் நீர்மட்டத்துக்குக் கோடு வெட்டி வைத்தவர் ஆண்டர்ஸ் செல்சியஸ், வெப்பமானிக்குப் பேர் கொடுத்த அதே ஆள். ஆனால் நிலம் எழுவதாக அவர் நினைக்கவில்லை; கடல்தான் வற்றுகிறது என்று நினைத்தார். வாசா நகரம் 1852-ல் எரிந்தபோது, பழைய துறைமுகம் ஏற்கெனவே தூர்ந்து படகுக்கு ஆகாமல் கிடந்ததால், ஏழு கிலோமீட்டர் தள்ளிக் கடலோரமாகப் புது ஊரே கட்டிக்கொண்டார்கள். எதிரே உள்ள க்வார்க்கென் தீவுக்கூட்டத்தை 2006-ல் யுனெஸ்கோ உலக மரபிடமாக ஏற்றது; அங்கே மட்டும் ஆண்டுக்கு ஒரு சதுர கிலோமீட்டர் புது நிலம் தண்ணீரிலிருந்து வெளியே வருகிறது.

அங்கே கரையோரம் வீடு வைத்திருப்பவருக்குப் படகுத்துறை சில பத்தாண்டில் தரைமேல் நிற்கும். அவர் கடலை நோக்கித் துறையை நீட்டிக் கட்டுவார், அல்லது தோண்டுவார். ஆனால் தன் வீட்டு வாசலில் புதிதாக எழுந்த அந்த நிலம் சட்டப்படி அவருடையது ஆகாது. முன்பு அங்கே நின்ற தண்ணீர் யாருக்குச் சொந்தமோ, பெரும்பாலும் ஊரின் கூட்டு உரிமையாளர்கள், அவர்களுக்கே நிலமும் சொந்தம். வேண்டுமானால் அளவையாளரை அழைத்து, அளந்து, விலை கொடுத்துத்தான் அவர் அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.